வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்

வண்டி ஓட்டுகிறவர்கள் தங்கள் மச்சத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். போலீஸ் நிறுத்தினால் காட்ட வேண்டும். லைசன்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. அட்டையை எவன் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். மச்சத்தை அப்படி முடியாது.

அன்றைக்குப் பூங்கோதையிடம் மச்சம் இல்லை.

அவள் குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தாள். சொந்த லோடு வண்டி. பக்கத்தில் அவளுடைய அம்மா அஞ்சலாட்சி அரக்குப் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மாலை. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அம்மாவுக்கு அன்று கல்யாணம்.

வண்டியின் பின்னால் சீர்வரிசை இருந்தது. ஒரு பீரோ, ஒரு கிரைண்டர், சுருட்டிக் கட்டிய மெத்தை. சீர் செய்தது மகள். மகள் அம்மாவுக்குச் சீர் செய்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. பூங்கோதை வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்கிறவள் இல்லை. கேட்டிருந்தால் பி.எஸ்சி. படித்திருக்க முடியாது.

அவள் நாலாவது படிக்கும்போது அப்பா தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனார். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். அம்மா காத்திருந்து பார்த்தாள். பிறகு லைட்டர் வாங்கிக்கொண்டாள். போன வருஷம் பஞ்சர் கடை ஏகாம்பரம் அவளிடம், "நூறு நாள் வேலைக்குப் போறப்ப எங்கடையில ஒரு நிமிசம் நின்னுட்டுப் போனா எனக்கு அன்னிக்கெல்லாம் காத்து எறங்க மாட்டேங்குது" என்று சொன்னார். அம்மா இதை வந்து மகளிடம் சொன்னாள். சொல்லும்போது பாத்திரம் கழுவுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை.

"கட்டிக்கோ" என்றாள் பூங்கோதை.

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். அதுக்கு வேற வேல இல்ல."

சிரித்தவர்களில் முதல் ஆள் பெரிய மாமா தனகோட்டி. கல்யாணத்துக்கு விடியும்போதே போய் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டவரும் அவர்தான். "வர மாட்டா பாருங்க. பாதி வழியில வெக்கம் புடுங்கித் தின்னும். திரும்பிடுவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகப் போனில் தகவல் வந்தது.

மண்டபம் உச்சிவெயிலில் குளமாகிவிடும். அதனால்தான் வாடகை குறைவு. காலையில் கல்யாணம், மத்தியானம் மீன் ஏலம். மண்டபத்துக்காரர் இதை மறைக்கவில்லை. பத்திரிகையிலேயே போட்டிருந்தது: முகூர்த்தம் காலை. பந்தி தண்ணீர் வரும்வரை.

ஆக, உச்சிக்கு முன்னால் அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாலி ஏற வேண்டும். தனகோட்டி மாமாவின் வாய் மூட வேண்டும். பூங்கோதை இந்த வரிசையை மாற்றிப் போட்டும் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் நன்றாக இருந்தது.

வளைவில் போலீஸ் பேரிகார்டு இருந்தது.

"காலையில ரெண்டுதான் வச்சாங்க" என்றார் ரோட்டோரத்து இளநீர்க்காரர். "வெயில் காலத்துல குட்டி போடும்."

உண்மைதான். பெரிய பேரிகார்டு இரண்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஐந்தாறு நின்றன. பெரியதில் நகைக்கடை விளம்பரம் பெரிய எழுத்தில் இருந்தது. சின்னதில் அதே விளம்பரம், மூக்குத்தி மட்டும்.

ரோட்டுக்கு நடுவில் நாற்காலி போட்டு ஏட்டு திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். மடியில் தேங்காயெண்ணெய் பாட்டில், பஞ்சு, ஒரு பூதக்கண்ணாடி. நாற்காலிக்கு இரண்டு பக்கமும் தார் கொஞ்சம் மேலே ஏறி அவர் கையை வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"எறங்கும்மா. எடு."

"லைசன்ஸா சார்?"

"அத வச்சினு நான் இன்னா பண்றது? மச்சம்."

பூங்கோதை லைசன்ஸைத்தான் நீட்டினாள். ஏட்டு வாங்கி விசிறிக்கொண்டார். வியர்வை அடங்கியதும் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல லைசன்ஸ். காத்து நல்லா வருது."

"போன்லயும் இருக்கு சார். கவர்மெண்டே செல்லும்னு சொல்லியிருக்கு."

"போனுக்கு மச்சம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது யாரு போனுன்னு எப்பிடித் தெரியும்?"

பூங்கோதை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள்.

"பத்தாவது சர்ட்டிபிகேட்ல அங்க அடையாளம் இன்னா போட்டிருக்கு?" என்றார் ஏட்டு.

"வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்."

"காட்டு."

அவள் கையைக் காட்டினாள். ஏட்டு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தூசி இருந்தால் போகட்டும் என்று ஊதினார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"கை இருக்கு. மச்சம் இல்ல."

அம்மா வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இரு சார். ஒரு நிமிசம்." தன் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை விரலால் தொட்டு மகள் கையில் ஒற்றினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏட்டு பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தார். போய்விட்டது.

"தேங்கெண்ண பொய் சொல்லாதும்மா" என்றார் வருத்தமாக.

அந்த மச்சத்தின் கதை இதுதான்.

பத்தாவது படிக்கும்போது கேசவமூர்த்தி சார் ஒருநாள் சர்ட்டிபிகேட்டுக்காக எல்லோருக்கும் மச்சம் பார்த்தார். கையில் மர ஸ்கேல். முன் பெஞ்சுப் பிள்ளைகளின் சட்டைக் காலரை ஸ்கேலால் நீக்கிப் பார்த்தார். காது மடலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பையனுக்கு மூன்று கிடைத்துவிட்டது. எதை எழுதுவது என்று பக்கத்து வகுப்பு சாரைக் கூப்பிட்டு ஆலோசனை நடந்தது.

கடைசி பெஞ்சில் காலனிப் பிள்ளைகள் பதினோரு பேர். முதலில் போனவன் இடிமுரசு. அவனுக்கு வலது முழங்கைக்குக் கீழே நிஜமாகவே ஒரு மச்சம் இருந்தது. சார் எழுதினார். அடுத்தவன் கையை நீட்டினான். சார் தொடவில்லை. ஸ்கேலும் தொடவில்லை.

"எரும மேல எள்ளு தேடச் சொல்றியாடா?" என்றார்.

முன் பெஞ்சுகள் சிரித்தன. சார் பேனாவை மூடாமல் இடிமுரசுக்குக் கீழே 'மேற்படி' என்று எழுதினார். அதற்குக் கீழே மேற்படி. அதற்குக் கீழே மேற்படி. பூங்கோதை ஏழாவது மேற்படி.

மச்சம் ஒன்று, ஆள் பதினொன்று. அரசாங்கம் எழுதியதை அழிக்காது. ஆகவே அந்த மச்சம் பதினோரு பேருக்கும் பொது ஆயிற்று. அவர்களும் பழகிக்கொண்டார்கள். நகத்தால் லேசாக நெம்பினால் வரும். எச்சில் தொட்டு வைத்தால் ஒட்டும். தெருக்குழாய்த் தண்ணீர் மாதிரி முறை வைத்து எடுத்துக்கொண்டார்கள். முறை இல்லாத வாரத்தில் போலீஸ் நிற்காத சந்தாகப் பார்த்து ஓட்டினார்கள். அப்படியே அவரவர் ஆட்டோவும் ஓட்டி, மிஷினும் ஓட்டி, குடும்பமும் ஓட்டினார்கள்.

இந்த வாரம் இடிமுரசு முறை. அவன் தண்ணி லாரி ஓட்டுகிறான். கல்யாணம் என்பதால் விட்டுக்கொடுத்திருந்தான். காலையில் கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. வரவில்லை. வெயில் ஏறுவதைப் பார்த்து அவள் கிளம்பிவிட்டாள்.

ஏட்டின் முன்னாலேயே அவனுக்குப் போன் போட்டாள்.

"டேய், எங்கடா மச்சம்?"

"தேடினு இருக்கேன் கோத. ராத்திரி குளிக்கச்சொல்ல கழட்டிக் கண்ணாடியில ஒட்டினேன்."

"கண்ணாடியில பாரு."

"பாத்துட்டேன். நான்தான் தெரியறேன்."

"உன்ன யாரு கேட்டா? வேற இன்னா இருக்குது?"

"தேன்மொழி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வச்சிருக்கா. செவப்பு ஒண்ணு, மெரூன் ரெண்டு. கறுப்பு ஒண்ணு இருந்துச்சு. காணோம்."

இளநீர்க்காரர்கூட வெட்டுவதை நிறுத்தினார்.

"உம் பொண்டாட்டி எங்கடா?"

"காலையிலயே பஸ் ஏறிக் கல்யாணத்துக்குப் போயிட்டாளே."

"போறப்ப நெத்தியில இன்னா வச்சிருந்தா?"

"காலங்காத்தால எவன்டி பொண்டாட்டி நெத்தியப் பாப்பான்?"

"இனிமே பாரு. வண்டி எடுத்துனு போயி அத வாங்கினு வா."

"எப்பிடி எடுக்கறது? எங்கிட்டயும் மச்சம் இல்லியே" என்றான் இடிமுரசு. நியாயமான பேச்சு. பூங்கோதைக்கு நியாயமான பேச்சைக் கேட்டால் காது சூடாகும். போனை வைத்தாள்.

"மச்சம் மண்டபத்துல இருக்குது சார். நான் போயி எடுத்தாந்து காட்டறேன்."

"தாராளமா. நடந்து போ."

"வெயில் உச்சிக்கு வந்துடும். மண்டபம் குளமாயிடும்."

"ஆமா, அங்க கெண்ட நல்லா இருக்கும்" என்றார் ஏட்டு. பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "இதோ பாரு. மச்சம் வர்ற வரைக்கும் நீ யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவங்ககூட டூட்டி நேரத்துல நான் பேசறதில்ல."

இளநீர்க்காரர் பக்கம் திரும்பினார். "இங்க ஒரு பொண்ணு நின்னுனு இருந்துச்சே, எங்க?"

இளநீர்க்காரர் பூங்கோதையை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் பொண்ணு?" என்றார். ஒரு குலை இளநீரை எடுத்து அவள் இடது கையில் மாட்டினார். கம்பம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். பின்னால் பைக்கில் வந்து நின்ற ஒருவர் ஹெல்மெட்டை அவள் வலது கையில் தொங்கவிட்டார். ஒரு மைனா வந்து தலையில் உட்கார்ந்தது.

"யோவ்!" என்று கத்தினாள் பூங்கோதை. "நான் பி.எஸ்சி. பிசிக்ஸ்யா! எங்க வம்சத்துலயே மொத டிகிரி! மொதல் பட்டதாரின்னு தாசில்தாரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காருயா!"

ஏட்டு காதைத் தீட்டினார். "எங்கியோ பிசிக்ஸுன்னு சத்தம் வருது."

"காத்தா இருக்கும்" என்றார் பைக்காரர்.

மைனா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தது. அவள் காதுச் சூடு அதற்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா சார். நல்ல நாளும் அதுவுமா. எம்பொண்ண வுடு."

"எந்தப் பொண்ணும்மா?"

"இதோ, எளநி தொங்குதே."

"அது கம்பம்மா."

"கம்பமா? நான் பெத்தது சார். எனக்குத் தெரியாது அவ யாருன்னு?"

"பெத்தவங்க சொல்றது செல்லாதும்மா. பாசத்துல ஒண்ணு ரெண்டு கூட்டிச் சொல்லுவாங்க. மச்சத்துக்குப் பாசம் கெடையாது."

அம்மா யோசித்தாள். வெயிலைப் பார்த்தாள். அது வேப்பமரத்துக்கு மேலே வந்து, எந்த வழியாக உச்சிக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி. வண்டிய யாரு ஓட்டலாம்?"

"மச்சம் இருக்கறவங்க யாரா இருந்தாலும் ஓட்டலாம்."

"எனக்கு இருக்குது."

ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க?"

"எங்க வேணும் உனுக்கு? கழுத்துல ஒண்ணு. கெண்டக்கால்ல ஒண்ணு. முதுகுல ரெண்டு இருக்குதாம், நான் பாத்ததில்ல."

"யாரு சொன்னாங்க?"

"அது உனுக்கு எதுக்கு? கல்யாணம் ஆயிடட்டும், சொல்றேன்."

இளநீர்க்காரர் சிரித்து அரிவாளைக் கீழே போட்டார். ஏட்டு சிரிக்கவில்லை. டூட்டியில் இருந்தார்.

"சர்ட்டிபிகேட்ல எங்கன்னு போட்டிருக்கு?"

"சர்ட்டிபிகேட்டா? நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கனதில்ல சார்."

ஏட்டு திருவேங்கடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் பார்த்ததெல்லாம் எழுதிய இடத்தில் மச்சம் இல்லாத ஆட்கள். எழுதாத ஆளை முதல்முறையாகப் பார்க்கிறார். வயர்லெஸ்ஸை எடுத்தார். முதலில் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. பேசினார்.

"ஐயா. ஒரு சந்தேகம். ஓட்டறவங்களுக்கு மச்சம் எழுதின எடத்துல இருக்கணும். எழுதவே இல்லன்னா?"

வயர்லெஸ்ஸுக்குள் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ யாரிடமோ, "சட்னி இன்னும் கொஞ்சம்" என்றார்கள். பிறகு ஒரு பெரிய குரல் வந்தது.

"எழுதலன்னா எங்க இருந்தாலும் சரி. ஓவர்."

ஏட்டு எழுந்து நின்றார். நாற்காலியும் அவரோடு எழுந்தது, தாரும் கொஞ்சம் எழுந்தது. அம்மாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"உடம்பு முழுக்க செல்லும்மா உங்களுக்கு. நீங்க ஓட்டலாம்."

பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. "இன்னா அநியாயம்யா இது? ராத்திரி பகல் முழிச்சுப் படிச்ச நான் கம்பம். படிக்காத எங்கம்மா டிரைவரா?"

"கம்முனு இருடி" என்றாள் அம்மா. "கம்பம் பேசக் கூடாது. காரியம் கெட்டுடும்." பிறகு ஏட்டிடம், "எனக்கு ஓட்டத் தெரியாதே சார்" என்றாள்.

"அத யாரும்மா கேட்டா?" என்றார் ஏட்டு.

அடுத்து கம்பத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அடையாளம் இல்லாததை முன் சீட்டில் ஏற்றக் கூடாது. பின்னால் ஏற்றலாம். ஆனால் என்னவென்று சொல்லி ஏற்றுவது?

"சீருன்னு போட்டுக்கோ சார்" என்றாள் அம்மா. "பீரோ, கிரைண்டர், மெத்த, இது."

"சீருன்னா சரி."

இளநீர்க்காரர் குலையை எடுத்துக்கொண்டார். பைக்காரர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். இருவருமாகப் பூங்கோதையைத் தூக்கி, பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நிற்க வைத்து, உடையாமல் போய்ச் சேரட்டும் என்று கயிறு போட்டுக் கட்டினார்கள். "புது சரக்கு, பாத்து" என்றார் பைக்காரர். மைனா இறங்கவில்லை. அதற்கும் பத்திரிகை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

பூங்கோதை பின்பக்கத்துச் சின்ன ஜன்னலில் வாயை வைத்துக் கத்தினாள். "சாவியத் திருப்பு. கிளட்ச்ச மிதி. மொத கியர் போடு."

"சும்மா இருடி. ஒவ்வொண்ணுத்துக்கும் ஒரு பேரு வச்சினு." அம்மா ஸ்டீயரிங்கை இரண்டு தட்டுத் தட்டினாள். ரேஷன் கடை வரிசையில் பேசுகிற குரலில் வண்டியிடம் பேசினாள். "ஏய், நவுரு. எத்தினி நேரம் இங்கியே நிப்ப? எனக்குக் கல்யாணம்டி."

வண்டி ஒருமுறை செருமியது. நகர்ந்தது.

பேரிகார்டுகள் வழிவிட்டன. முதலில் குட்டிகள் ஓடின, பிறகு தாய்கள் ஒதுங்கின. ஏட்டு கையாட்டினார். "கெண்ட வாங்கினா தலையா பாத்து வாங்குங்க!" என்று கத்தினார்.

அந்த ரோடு கோபக்காரர்களுக்கு நீளும். பூங்கோதை ஓட்டும்போதெல்லாம் நீண்டுதான் பழக்கம். மண்டபத்துக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் என்று ஒரு கல் சொன்னது. அம்மா அதைப் பார்த்து, "அவ்ளோலாம் இருக்காது" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த கல்லில் பத்து என்று இருந்தது. அதற்கடுத்த கல் எண்ணைப் போடாமல் 'இதோ' என்று மட்டும் போட்டிருந்தது.

அம்மா எதிரே வருகிற லாரிகளை எல்லாம் "வாங்க, வாங்க" என்று கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினாள். சில லாரிகள் திரும்பிப் பின்னால் வந்தன.

பூங்கோதை முதலில் திட்டிக்கொண்டிருந்தாள். ஏட்டைத் திட்டினாள். சட்டத்தைத் திட்டினாள். கேசவமூர்த்தி சாரை அவர் ஸ்கேலோடு சேர்த்துத் திட்டினாள். திட்டி முடித்ததும் காற்று வந்தது. நல்ல காற்று. முகத்தில் அடித்து, முடியைக் கலைத்து, கழுத்து வழியாக உள்ளே போய் முதுகு வழியாக வெளியே வந்தது. பீரோவின் கண்ணாடியில் பார்த்தாள். புளியமரங்கள் ஓடின. வானம் ஓடியது. அவள் அதில் இல்லை. மைனா மட்டும் ஓர் ஆள் உயரத்தில் அந்தரத்தில் உட்கார்ந்து வந்தது.

யாராகவும் இல்லாமல் இருப்பது இவ்வளவு காற்றோட்டமாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. அவள் யார் பெயருக்கும் கீழே இல்லை. எந்த வரியிலும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது. பிறகு வாய்விட்டு வந்தது. கிரைண்டரும் கொஞ்சம் குலுங்கியது.

மண்டபம் வந்தபோது உள்ளே தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. வெளியே தரை காய்ந்து கிடந்தது. தண்ணீர் வாசற்படியோடு நின்றுகொள்ளும், மரியாதை தெரிந்த தண்ணீர். சொந்தக்காரர்கள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சாம்பார் அண்டாவைத் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றார்கள். பறை அடிக்கிறவர்கள் மேடைமேல் ஏறி நின்று விடாமல் அடித்தார்கள். தனகோட்டி மாமாவின் நாற்காலி மிதக்கத் தொடங்கியிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்றார் அவர். நாற்காலி மெல்லச் சுற்றியதால் அதையே நாலு திசைக்கும் சொன்னார்.

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டி, தாலியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓட்டுகிறது யார் என்று பார்த்ததும் வாய் பிளந்தது.

அம்மா வண்டியை நிறுத்தவில்லை. மண்டபத்தை ஒரு சுற்று வந்தாள்.

"நிறுத்தும்மா!" என்று கத்தினாள் பூங்கோதை.

"ஏன் நிறுத்தணும்? இப்பத்தான் கை வந்திருக்குது."

"அஞ்சல, மண்டபத்துக்குள்ள வராம எப்பிடிடி கல்யாணம்?" என்று கத்தினார் தனகோட்டி மாமா, நாற்காலி வாசல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து.

"வண்டிதான் மண்டபம்! வேணும்னா நீ வா!" என்று கத்திவிட்டு அம்மா அடுத்த சுற்றுக்குத் திருப்பினாள்.

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நாற்காலி அவரைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டது.

வாசலில் தேன்மொழி நின்றிருந்தாள். நெற்றியில் அந்த மச்சம். பார்க்கப் பாந்தமாக இருந்தது. வண்டி தாண்டும்போது, "கோத, பொட்டு நல்லா இருக்குதாடி?" என்று கேட்டாள்.

பூங்கோதை பார்த்தாள். பதினோரு கையில் ஏறி இறங்கிய மச்சம். இப்போதுதான் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.

"சூப்பரா இருக்குது. நீயே வச்சிக்கோ!"

ஏகாம்பரம் வண்டியோடு ஓடி வந்தார். ஓடும்போதும் அவர் கண் டயரில்தான் இருந்தது.

"அஞ்சல, பின் டயர்ல காத்து கம்மியா இருக்குது!"

"டயர அப்புறம் பாக்கலாம்! ஏறுயா மொதல்ல!"

ஏறினார். கதவைச் சாத்தினார். அம்மா கழுத்தை மட்டும் அவர் பக்கம் சாய்த்தாள், கண் ரோட்டில். ஏகாம்பரம் முதல் முடிச்சைப் போட்டார். வளைவு வந்தது. காத்திருந்து இரண்டாவதைப் போட்டார். பறைச் சத்தம் மண்டபத்துக்குள்ளிருந்து தண்ணீரில் நனைந்து வந்தது, ஆனால் தாளம் தப்பவில்லை.

மூன்றாவது முடிச்சில் கை நின்றது.

"இது நாத்தனார் போடணும்" என்றார் ஏகாம்பரம். "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியே."

வெயில் உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்றது. வாசலில் நின்றவர்கள் கையைப் பிசைந்தார்கள். யார் போடுவது? அத்தை முறை ஆகாது, சித்தி முறை ஆகாது. பெண் வீட்டு ஆள் போடக் கூடாது. எல்லோரும் யாராவது ஒருவராக இருந்தார்கள்.

பூங்கோதை கயிற்றைத் தளர்த்தினாள். சின்ன ஜன்னல் வழியாக வலது கையை உள்ளே விட்டாள். முழங்கை வரைக்கும் போயிற்று. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வெறுங்கை. எந்த அடையாளமும் இல்லாத, யாருடையதும் இல்லாத கை.

"தள்ளுய்யா" என்றாள் ஏகாம்பரத்திடம். "நான்தான் நாத்தனாரு."

ஏகாம்பரம் அந்தக் கையைப் பார்த்தார். இரண்டு கண்ணும் கலங்கிவிட்டன. "வாம்மா தங்கச்சி" என்றார்.

அவள் அம்மாவின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் கயிற்றைத் தடவிப் பிடித்தாள். முடிச்சைப் போட்டு, இறுக்கி, இன்னொரு தடவையும் இறுக்கினாள். அம்மா சொன்ன மச்சம் கழுத்தில் இருந்தது. விரலில் தட்டுப்பட்டது.

பளக் என்று ஒரு சத்தத்தோடு மண்டபம் முழுக்கக் குளமானது. குலவை எழுந்தது. வாழை இலைகள் வடையோடும் பாயசத்தோடும் வரிசை கலையாமல் மிதந்து வந்தன. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களும் கூடவே மிதந்துகொண்டு சாப்பிட்டார்கள். தனகோட்டி மாமாவும் சாப்பிட்டார். வாயில் வடை இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆச்சா?" என்றாள் அம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆச்சு அஞ்சல."

"அப்ப நீ எறங்கிப் போயி பந்தியப் பாரு. அப்பளம் நனஞ்சிடப் போவுது. நான் இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டு வரேன்."

ஏகாம்பரம் தலையாட்டிவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து லாகவமாக இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பளத்தைப் பார்க்கப் போனார்.

பூங்கோதை கிரைண்டர்மேல் ஏறி நின்றாள். "வலது பக்கம் திருப்பும்மா!" என்று கத்தினாள்.

அம்மா இடது பக்கம் திருப்பினாள். அங்கேயும் ரோடு இருந்தது.